வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கும் முன்



கோடையில் மின்தடை கூடும்போதும், ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி வரும்போதும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "பெட்ரோலிலும் கேஸிலும் ஓடுகிற சின்ன ஜெனரேட்டர் விற்கிறார்களே, வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போடலாமா?" கேட்பவர்களில் பலர் வீட்டில் நோயாளியையோ கைக்குழந்தையையோ வைத்திருப்பவர்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளை, "அத்தா, நான் பணம் அனுப்புகிறேன், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்" என்று சொன்னதாக வந்து கேட்பவர்களும் உண்டு.

நல்லது எது என்பதற்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எதை ஓட்டப் போகிறோம்? எந்த எரிபொருள் நம் கைக்குக் கிடைக்கும்? மிஷினை எங்கே வைக்கப் போகிறோம்? இவற்றில் மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உயிர் போவது அந்த இடத்தில்தான். அதற்குப் பதில் இல்லாத வீட்டில் ஜெனரேட்டர் வாங்கவே கூடாது என்பது நம் கருத்து. காரணத்தை வரிசையாகப் பார்ப்போம்.

மின்தடை இரண்டு வகை

2008 முதல் 2013 வரை தமிழகம் பட்ட மின்வெட்டு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2012-ல் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஆனால் அது போய்ப் போய் வந்தது. வந்த நேரத்தில் பேட்டரி ஏறியது. அதனால்தான் அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் வேறு வகை. உள்நாட்டுக்குள் நுழைந்து நம் மாவட்டத்தின் வழியாகவும் கேரளம் நோக்கிப் போனது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் சம்பந்தம் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்கள் தெரியும். பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக்கூட ஜெனரேட்டர் தேடி அலைந்தார்கள்.

முதல் வகைக்கு இன்வெர்ட்டர் போதும். 150 ஏ.ஹெச். பேட்டரி புதிதாக இருந்தால் சாதாரண ஃபேன் மூன்றையும் எல்.இ.டி. விளக்கு நான்கையும் 4 முதல் 5 மணி நேரம் ஓட்டும். சாதாரண ஃபேன் 75 வாட்ஸ் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ் அளவில்தான் எடுக்கிறது. மூன்று ஃபேனையும் மாற்றினால் அதே பேட்டரி ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி மாலையில் தரும் நாட்களையும் இப்படிக் கடந்துவிடலாம். இதற்காக ஜெனரேட்டர் வாங்குவது வீண் செலவு.

கூரை மேல் சோலார் போட்டவர்கள், கரண்ட் போனாலும் நமக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார், லைன் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயாமலிருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பேட்டரி சேர்ந்த அமைப்பு மட்டுமே தடையின்போது உதவும்.

ஆக, ஜெனரேட்டரின் தேவை இரண்டு நிலைகளில்தான் வருகிறது. ஒன்று, நாட்கணக்கில் நீளும் தடை. மற்றது, பேட்டரி இழுக்க முடியாத மோட்டார், ஃபிரிட்ஜ், ஆக்சிஜன் கருவி போன்றவை.

எதை ஓட்டப் போகிறோம்?

ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சுமாரான கணக்கு இது:

ஃபேன் மூன்று – 225 வாட்ஸ்
எல்.இ.டி. விளக்கு நான்கு – 36 வாட்ஸ்
ஃபிரிட்ஜ் – 150 வாட்ஸ்
வைஃபை, கைபேசி சார்ஜ் – 30 வாட்ஸ்
5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் – 350 வாட்ஸ்
மிக்ஸி – 500 முதல் 750 வாட்ஸ்
அரை ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் – 500 வாட்ஸுக்குச் சற்று மேல்
ஒரு ஹெச்.பி. மோட்டார் – 1,000 வாட்ஸ்

மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் ஓடும் அளவைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். ஃபிரிட்ஜும் அப்படித்தான். அதனால் ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் மட்டும் போதும் என்றால் ஒன்றரை முதல் 2 கே.வி.ஏ. போதும். அரை ஹெச்.பி. மோட்டாரும் சேர்ந்தால் இரண்டரை. ஒரு ஹெச்.பி. என்றால் 3 கே.வி.ஏ.வுக்குக் குறையக் கூடாது. மோட்டார் போடும்போது ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டால் சிறிய மிஷினே சமாளிக்கும். ஏ.சி., கீஸர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். போர்வெல்லில் மூன்று ஃபேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வீட்டு உபயோகச் சிறிய மிஷின் உதவாது.

செலவையும் பார்த்துவிடுவோம். சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் பெட்ரோலில் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு யூனிட் 50 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நாள் முழுக்க ஓட்டுவதற்கான பொருள் அல்ல இது. காலை, மதியம், இரவு என இரண்டிரண்டு மணி நேரம் ஓட்டி, தொட்டியை நிரப்பி, ஃபிரிட்ஜைக் குளிர்வித்து, இன்வெர்ட்டர் பேட்டரியில் கொஞ்சம் ஏற்றி நிறுத்துவதே முறை. திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும்.

இன்சுலின் கெட்டுவிடுமே என்பதற்காக மட்டும் ஜெனரேட்டர் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். பயன்பாட்டில் உள்ள பல வகை இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 4 வாரம் தாங்கும். ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, அதனுள் தண்ணீர் படாமல் மருந்தை வைத்தால் நம் ஊர் வெயிலிலும் குளிர்ச்சி கிடைக்கும். உங்கள் மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எரிபொருள்?

இரண்டு எரிபொருளில் ஓடும் ஜெனரேட்டர் நமக்குப் புதிதல்ல. 1980-களின் பிற்பகுதியில் ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா மிஷின்கள் வந்த நாள் முதல், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை கடைவாசல்களிலும் கல்யாண வீடுகளிலும் ஓடியிருக்கிறது. பெட்ரோலில் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கயிறு இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும்.

அந்தப் பழைய மிஷின்கள் இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவிட்டது. கிடைக்கிற நீலநிற எண்ணெயும் சமையலுக்கும் விளக்குக்கும் மட்டுமே உரியது. ஜெனரேட்டரில் ஊற்றுவது சட்டப்படி குற்றம். ஏழைக் குடும்பத்தின் பங்கை வெளியில் விலை கொடுத்து வாங்கி எரிப்பது எப்படிப்பட்ட செயல் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

பெட்ரோல் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சேமித்து வைக்க முடியாத பொருள். உரிமம் இல்லாமல், விற்பனைக்கல்லாமல் ஒருவர் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம் என்கிறது பெட்ரோலியச் சட்டம். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் அதில் பாதிகூட ஆபத்துதான். ஓரிரு மாதத்துக்கு மேல் டேங்கில் கிடந்தால் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பிசின்போல் படியும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. புயல் வந்த அன்று கிளம்பாத மிஷின்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான்.

கேஸின் பலம் இங்கேதான். சிலிண்டரில் எத்தனை ஆண்டு இருந்தாலும் கெடாது. 2 கே.வி.ஏ. மிஷினைப் பாதிச் சுமையில் ஓட்டினால் மணிக்குச் சுமார் அரைக் கிலோ செலவாகும். நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினாலும் ஒரு 19 கிலோ சிலிண்டர் நான்கு நாளுக்கு மேல் தாங்கும். குறை என்னவென்றால் சக்தி சற்றுக் குறையும். பெட்ரோலில் 2,000 வாட்ஸ் தருவது கேஸில் 1,800 அளவில் நிற்கும். உங்கள் தேவையைக் கேஸ் கணக்கில் வைத்தே மிஷின் அளவை முடிவு செய்யுங்கள்.

சமையலுக்குத் தரப்படும் 14.2 கிலோ சிகப்பு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ உண்டு. அடையாள அட்டை காட்டிச் சந்தை விலையில் வாங்கும் 5 கிலோ சிலிண்டரும் உண்டு. உங்கள் ஏஜென்சியில் விவரம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இரண்டு எரிபொருளுக்கும் தொழிற்சாலையிலேயே அமைத்த மிஷினாக இருக்க வேண்டும். பெட்ரோல் மிஷினில் பட்டறையில் கேஸ் கிட் மாட்டித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே தரைத்தொட்டி, சாக்கடை, படிக்கட்டின் அடி ஆகியவற்றுக்கு அருகில் சிலிண்டரை வைக்கக் கூடாது. ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

எங்கே வைப்பது?

எந்த எரிபொருளாக இருந்தாலும் ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமில்லை, வாசனை இல்லை, கண் எரியாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2024-ல் கொடைக்கானல் விடுதி அறையில் கரியடுப்பை வைத்துவிட்டு உறங்கிய இளைஞர்கள் உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்தக் கரியைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக இந்த வாயுவைக் கக்கக்கூடியது ஜெனரேட்டர். கேஸில் ஓடினால் புகை தெரியாது என்பதால் பாதுகாப்பு என்று எண்ணுவது பெரிய தவறு.

விதி எளிது. வீட்டுக்குள், வராந்தாவில், கார் ஷெட்டில், மாடிப்படி அடியில், முற்றத்தில் வைக்கக் கூடாது. கதவு, ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. திறந்தவெளியில் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எந்த வீட்டு ஜன்னலையும் பார்க்காதபடி வைக்க வேண்டும். எந்த வீடு என்றால் பக்கத்து வீடும் சேர்த்துத்தான். பேகம்பூர் சந்துகளில் நம் வாசல் அடுத்தவர் ஜன்னலாக இருக்கிறது. நம் வீட்டு ஃபேன் சுற்றுவதற்காக அண்டை வீட்டுக் குழந்தை நச்சுக்காற்றைச் சுவாசிக்க நேர்ந்தால் அந்த உரிமை மீறலுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். சஹர் நேரத்தில் போடும் சத்தமும் அப்படித்தான்.

மழை நேரடியாகப் படாமல், நாலாபுறமும் காற்றோடும் மொட்டை மாடி சில வீடுகளுக்குப் பொருந்தும். மாடிப்படி அறையின் கதவுக்கு எதிர்மூலையில் வைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். அதுவும் இல்லை, 20 அடியும் இல்லை என்றால் அந்த வீட்டுக்கு இன்வெர்ட்டர்தான் முடிவு.

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் அது சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து உட்காராதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது. மிஷின் வாங்குபவர் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சுவர் பிளக்கில் செருகாதீர்கள்

இருபுறமும் முள்ளுள்ள பிளக்கைத் தயார் செய்து, ஜெனரேட்டர் வயரைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகி வீடு முழுதும் ஓட்டுகிறார்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியேறி, தெரு டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து லைனில் பாயும். லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியர் கருகிவிடுவார். கஜாவின்போது நம் மாநிலத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வந்து மழையில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படி நமக்காக ஏறுகிறவருக்கு நம் வீட்டிலிருந்தே மரணம் போகக் கூடாது.

உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். மின்வாரிய லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராதபடி அது தடுக்கும். அந்தச் செலவு முடியாது என்றால் நல்ல கனத்த எக்ஸ்டென்ஷன் வயரில் ஃபிரிட்ஜையோ மோட்டாரையோ நேரடியாகச் செருகிக்கொள்ளலாம். எர்த் கட்டாயம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. தொடர்ந்து எத்தனை வாட்ஸ் தரும்? பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் கிளம்பும் நேர உச்ச அளவு. கேஸில் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.
2. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் முத்திரை உள்ளதா?
3. 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதா?
4. ஆக்சிஜன் கருவி, கணினி ஓட்ட வேண்டுமானால், மின்சாரம் சீராக வரும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரா? கருவி தந்த நிறுவனத்திடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.
5. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ சர்வீஸும் உதிரி பாகமும் கிடைக்குமா?
6. கடையிலேயே பெட்ரோலில் ஒருமுறை, கேஸில் ஒருமுறை ஓட்டிக் காட்டுவார்களா? வீட்டுப் பெண்கள் கிளப்பும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்கள் வெளியூரில் இருக்கும் நாளில்தான் கரண்ட் போகும்.

வாங்கிய பின் மாதம் ஒருமுறை 15 நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். நிறுத்தும்போது பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காய்ந்து தானாக நிற்கும்படி விடுங்கள். முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். பிறகு கையேட்டில் சொன்னபடி. சூடான மிஷினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். கால் மணி நேரம் ஆறட்டும்.

வீட்டுக்கு ஒன்றா, தெருவுக்கு ஒன்றா?

கல்யாணத்துக்கும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்வரை மய்யித்தைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டிய நேரத்துக்கும் மைக்செட், பந்தல்காரர்களிடம் ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆண்டில் ஐந்து நாள் ஓடும் மிஷினுக்காக வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். தவணைக்கடையிலும் விழாதீர்கள்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவும் பிரியும், வைக்க ஒரு நல்ல இடமும் கிடைக்கும், மாதாமாதம் ஓட்டிப் பார்க்க ஆளும் இருக்கும். பள்ளிவாசல் வெளி முற்றம் போன்ற திறந்த இடத்தில் ஒரு மிஷின் இருந்தால், கைபேசி சார்ஜ், நெபுலைசர், தெருவின் குடிநீர் என்று நூறு வீட்டுக்கு அது பயன்படும். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் எந்த ஜெனரேட்டரையும் மட்டும் நம்பாமல் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைக் கைவசம் வைத்திருப்பது அவசியம்.

மின்தடை புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. பழுது என்று சொல்வதோடு நிற்காமல், வீட்டில் இன்ன கருவியில் நோயாளி இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள்.

மழை தொடங்கும் முன் தெருவாரியாக ஒரு பட்டியல் எடுக்க விரும்புகிறோம். மின்சாரத்தால் ஓடும் மருத்துவக் கருவி உள்ள வீடு, படுக்கையில் உள்ள முதியவர் இருக்கும் வீடு, ஏற்கெனவே ஜெனரேட்டர் வைத்திருந்து அவசரத்துக்குத் தரச் சம்மதிக்கும் வீடு என மூன்றும் வேண்டும். அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் வந்து பெயரைப் பதிவு செய்யுங்கள். வர இயலாதவர்கள் உங்கள் தெரு ஜமாஅத் உறுப்பினரிடம் சொன்னால் போதும். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது புயலுக்கு முன்பே நம் கையில் இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.